இரண்டாவது போன்

அன்று காலை ஜோயல் அந்தப் பெண்மணியைப் பதினோராவது முறையாகக் காப்பாற்றினான். இரண்டு நிமிடம் பத்து விநாடி ஆயிற்று.

"பத்து செகண்ட் ஜாஸ்தி," என்றாள் அனீக்கா, செல்போனில் ஓடிய நேரத்தை நிறுத்திவிட்டு. "அந்தம்மா பிழைச்சுட்டாங்க. உனக்குத்தான் வேலை கிடைக்காது."

ஆஸ்பத்திரி கான்டீனில் ஜன்னலோர மேசை. வெளியே வழக்கமான மழை. இருவரும் லேபில் உதவியாளர்கள்; வார்டுகளிலிருந்து வரும் ரத்த மாதிரிக் குப்பிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. இன்று மத்தியானம் நேர்காணலில் தேறினால் ஜோயலுக்கு மூன்று வருடப் பயிற்சி. முடித்தால் மருத்துவ விஞ்ஞானி. ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டாயிற்று. இந்த முறையும் போனால் அண்ணனின் கார்ப்பெட் கடைக்கே வந்துவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான்.

கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: 'நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்.' தவறு பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் யாரும் சாகக் கூடாது. அப்படியொரு தவறு கைவசம் இல்லாதவர்களுக்கு இந்தத் தொழிலில் எதிர்காலம் இல்லை.

"மறுபடி சொல்லு. 'வார்டுக்குத் தகவல் போச்சு'ன்னு மென்னு முழுங்காத. தானா நடந்தா போச்சு? 'நான் போன் பண்ணினேன்'னு சொல்லு. அவங்களுக்கு 'நான்'தான் வேணும்."

ஜோயல் சொன்னான். போன வருடம் பான்கேக் செவ்வாய், தவக்காலத்துக்கு முன்னால் ஊரெல்லாம் எலுமிச்சை பிழிந்து பான்கேக் தின்னும் நாள். ஒரே வார்டில், எதிரெதிர்க் கட்டிலில், ஒரே பெயருள்ள இரண்டு பெண்மணிகள். பிறந்த தேதியைப் பார்க்காமல் ஸ்டிக்கர்களை மாற்றி ஒட்டிவிட்டான். ஒருத்திக்குப் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஏறியிருந்தது. லேபிலிருந்து உடனே வார்டுக்குப் போன் போயிற்று, மற்றவளுக்கென்று. பிறகுதான் ஜோயல் குப்பிகளோடு வந்து கூடையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தான்; பிறந்த தேதிகள் மாறியிருந்தன. மூன்றே நிமிடத்தில் இரண்டாவது போன். அது அவன் பண்ணியது. வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் ஊதா நிற வீட்டுச் செருப்போடு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள்.

"போன வாரம் செருப்பு இல்லையே?"

"இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"விட்டுடாத. எனக்கே அழுகை வருது. சரி, போனை எடுத்தது யாரு? கேப்பாங்க."

ஜோயல் தேநீரைக் கலக்கினான். அதில் சர்க்கரையே போட்டிருக்கவில்லை. "நர்ஸ்."

"என்ன சொன்னாங்க?"

அந்த நேரம் பார்த்துக் கான்டீன் சுவரிலிருந்த போன் அடித்தது. கரண்டி கீழே விழுந்தது. ஒரு வருடமாகவே இப்படித்தான். லேபில் போன் அடிக்கும்போதெல்லாம் ஜோயல் கழிப்பறையில் இருப்பான். பான்கேக்கின் எலுமிச்சை வாசனை வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான்.

"பயப்படாதடா," என்றாள் அனீக்கா. "இன்டர்வியூ ரூம்ல போன் கிடையாது."

மணி இரண்டு. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் லேப் தலைவி ஹிலரி, ஒரு பக்கம் பயிற்சிப் பொறுப்பாளர், மறுபக்கம் நோயாளிகள் தரப்பில் ஒரு பெரியவர். வழக்கம்போல் எல்லாருக்கும் முதல் பெயர் மட்டும்தான். பெரியவர் சட்டையில் 'டெரிக்' என்று அட்டை குத்தியிருந்தது.

"எனக்கு சயின்ஸ் ஒண்ணும் தெரியாது தம்பி," என்றார் டெரிக். "நீ பாட்டுக்குச் சொல்லு."

கேள்வி வந்தது. ஜோயல் பன்னிரண்டாவது முறையாக அந்தப் பெண்மணியைக் காப்பாற்றினான். விதிப்படி யார் பெயரையும் சொல்லவில்லை. சரியாக இரண்டு நிமிடம். ஊதாச் செருப்பு வந்த இடத்தில் ஹிலரி சிரித்தபடியே எதையோ குறித்துக்கொண்டாள். கார்ப்பெட் கடை கண்ணெதிரே கரைந்து போயிற்று.

டெரிக் மட்டும் எழுதவில்லை. பான்கேக் செவ்வாய் என்றதுமே அவர் பேனா நின்றுவிட்டிருந்தது.

"டெரிக், நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றாள் ஹிலரி.

"ஒண்ணே ஒண்ணு. எந்த போனுக்குப் பண்ணின, தம்பி?"

இதற்கு ஒத்திகை இல்லை. ஆனாலும் சமாளித்தான். "நர்ஸுங்க மேசையில இருக்கிற போனுக்குங்க."

"ஹீட்டர் பக்கத்துல இருக்குமே? கீழே ஒரு பச்சை நாற்காலி."

"ஆமாங்க, அதேதான்!" என்றான் ஜோயல். அந்த வார்டுக்குள் அவன் கால் வைத்ததே இல்லை.

டெரிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்த நாற்காலியிலதான் நாள் பூரா உக்காந்திருந்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் 'லேபா, லேபா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரே ஒரு தடவை ஆமான்னாங்க. அது எதிர்க் கட்டில் மோரீனுக்கு. சாயங்காலம் என் மோரீன் போயிட்டா."

ஸ்டிக்கரில் இருந்த அந்தப் பெயரை ஜோயல் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அனீக்காவிடம்கூட.

"ரெண்டாவது போன் வரவே இல்ல, தம்பி."