சாவி கொடுத்த ராஜா

“அந்தப் பையில அப்படி என்னடி இருக்கு? அரண்மனையையே உள்ள போட்டு எடுத்துட்டுப் போகப் போறியா?” என்றாள் அம்மா ரெமெடியோஸ்.

“எல்லாம் தின்பண்டம்தான்” என்று சிரித்தாள் எட்டு வயது கான்டெலா. தோளை அழுத்திய பையை அவள் அப்பா அன்செல்மோவிடம்கூடத் தரவில்லை.

ஸ்பெயினில் எங்கள் கிரனாடா ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி. அல்ஹம்பிரா அரண்மனை எங்கே ஓடிப்போகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றே ஆயுசைக் கழித்துவிடுவோம். அன்செல்மோவும் அப்படித்தான். இன்று மாலை வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றான பிறகுதான் மனைவி மகளோடு இங்கே வந்தான்.

வீட்டுக்காரர் இனிமேல் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்குத்தான் வாடகைக்கு விடுவாராம். அன்செல்மோ கெஞ்சாத ஆளில்லை, ஒன்றும் நடக்கவில்லை. இன்று ராத்திரி முதல் வேறு ஊரில், மச்சான் வீட்டுக் கூடத்தில்தான் மூவருக்கும் படுக்கை.

கான்டெலாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இந்த ஒரு பகலாவது பிள்ளை சிரித்துக்கொண்டு இருக்கட்டுமே என்று இருவரும் மூச்சுவிடவில்லை. அவளும் சிங்க முற்றத்தில் ஒவ்வொரு கல் சிங்கத்துக்கும் பெயர் வைத்துச் சிரித்தாள். ரெமெடியோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அரண்மனைக் கோபுரத்தின் உச்சிக்குப் போனதும் எதிர்க்குன்றில் அவர்கள் வீட்டு மாடி தெரிந்தது. துணி காயும் கொடி வெறுமையாக இருந்தது. மகள் அந்தப் பக்கம் பார்க்குமுன் அன்செல்மோ அவசரமாகக் கதையை ஆரம்பித்தான்.

“இங்க இருந்த கடைசி ராஜா இந்த அரண்மனைச் சாவிய எதிரிகிட்ட குடுத்துட்டுப் போனாரு. போற வழியில மலை மேல நின்னு திரும்பிப் பார்த்து அழுதாராம். ‘ஆம்பளையா நின்னு காப்பாத்தத் தெரியல, இப்ப பொம்பள மாதிரி அழுவுறியா’ன்னு அவங்கம்மா திட்டினாங்களாம்.”

“அன்னிக்கு ராத்திரி ராஜா எங்க தூங்கினாருப்பா?”

அன்செல்மோ பாக்கெட்டுக்குள் வீட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“பசிக்குது, அந்தத் தின்பண்டத்த எடு” என்று பேச்சை மாற்றினாள் ரெமெடியோஸ். மகள் தயங்கவே, அவளே பையைத் திறந்தாள்.

உள்ளே ஒரு ரொட்டித் துண்டுகூட இல்லை. ராத்திரி போடும் கவுன், பல் தேய்க்கும் பிரஷ், பள்ளிக்கூடப் புத்தகங்கள். அடியில், வாசல் சுவரில் பிடிவிட்டு ஆடிக்கொண்டிருந்த, வீட்டு எண் எழுதிய பீங்கான் ஓடு.

ரெமெடியோஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கான்டெலா அப்பாவின் பாக்கெட்டுக்குள் கைவிட்டு, சாவியோடு சேர்த்து அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ அழுதா நான் திட்ட மாட்டேன்ப்பா.”