குடிக்காதவரின் ஈரல்

“நீங்க குடிக்கிறதில்லை” என்றார் டாக்டர்.

கருத்தக்கண்ணனுக்கு ஆயுசில் இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.

அவர் என் சகலை. மார்க்கையன்கோட்டையில் அவர் கொட்டாவி விட்டால் கொசு மயங்கி விழும். சின்னமனூர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கண்டக்டர் இறங்கும்போது தள்ளாடினார், நானே பார்த்தேன். சரக்கில் கலக்க அவர் தண்ணீர் மொண்ட நாளில் முல்லையாறு ரெண்டடி இறங்கிவிட்டது என்பார்கள். அது மிகை. ஓரடிதான்.

அப்படிப்பட்டவரைத் தேனிக்குக் கூட்டிவந்து, பெண்டாட்டி முன்னால் உட்காரவைத்து, குடிக்காதவர் என்று சொன்னால்?

கண் மஞ்சளடித்திருந்தது. சோறு இறங்கவில்லை. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அதற்காகத்தான் நாங்கள் மூன்று பேரும் வந்திருந்தோம்.

“தெனமும் தள்ளாடிக்கிட்டுத்தான வாராக” என்றாள் அவர் மனைவி மொக்கம்மாள். “தெருவே சாட்சி.”

டாக்டர் ரெஹானா பரிசோதனைத் தாளை எங்கள் பக்கம் திருப்பினார். காமாலைக் கிருமி எதுவும் இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, கட்டி இல்லை. ஈரல் புண்ணானால் ரத்தத்தில் இரண்டு சமாச்சாரம் ஏறுமாம். குடிகாரர்களுக்கு முதலாவதுதான் முந்தி நிற்கும், அதுவும் ஓரளவுக்குத்தான். இவருக்கு இரண்டாவது முந்திக்கொண்டு ஆயிரத்துக்கு மேல் எங்கேயோ போயிருந்தது.

“இது குடியோட வேலை இல்ல. ஏதோ மருந்தோட வேலை. அது எதுன்னு தெரிஞ்சு இன்னைக்கே நிறுத்தணும். இல்லேன்னா ஈரல் மொத்தமா நின்னுரும். அப்புறம் மதுரைக்குத் தூக்கிட்டுப் போனாலும் கஷ்டம்தான்.”

மொக்கம்மாள் மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தாள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிவைத்தார். எல்லாம் பல வருசமாக விழுங்குபவை. திடீரென்று இப்போது புத்தி கெட்டுப்போக அவற்றுக்கு முகாந்திரம் இல்லை.

“நாட்டு மருந்து? லேகியம்? மூட்டுவலிக்கு ஊசி?”

“ஒண்ணுமில்ல தாயி.”

“ஐயா, கடைசியா எப்பக் குடிச்சீங்க? உயிர் போற விஷயம், நிசத்தைச் சொல்லுங்க.”

கருத்தக்கண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த ஈரல் படத்தைப் பார்த்தேன்.

“ரெண்டு மாசமாச்சு” என்றார், ஆடு திருடியதை ஒப்புக்கொள்கிறவர் குரலில். “ஒத்துக்கல தாயி. ஒரு மடக்கு உள்ள போனாப் போதும், மூஞ்சி செவந்து, நெஞ்சு திடுதிடுங்குது. கொடலே வெளிய வந்துருது. பயந்துபோயி விட்டுட்டேன்.”

“பெறகு தள்ளாட்டம்?” என்றாள் மொக்கம்மாள்.

பெயர் என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஒரு மடக்குக்குத் தாங்காதவன் என்று ஊர் சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு நடமாடுவது? வாழைத்தோப்பிலிருந்து தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நேராக நடந்துவருவாராம். அங்கே நின்று வேட்டியைத் தளர்த்திக்கொள்வாராம். தள்ளாட்டம் அதற்கப்புறம்தான்.

“அப்ப என் ஆத்தாள வஞ்சதெல்லாம் தெளிஞ்ச புத்தியோடயா?”

அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவளுடைய ஆத்தா எனக்கும் மாமியார் என்பதால் நான் அதில் கருத்துச் சொல்லவில்லை.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். முகம் சிவந்தது, நெஞ்சு அடித்தது என்று கேட்டதிலிருந்தே அவர் பார்வை மொக்கம்மாள் மேல்தான் இருந்தது.

“அம்மா, காப்பியிலயா, கொழம்புலயா?”

மொக்கம்மாள் சேலை நுனியை ஒதுக்கினாள். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தாள்.

“காப்பியில. குடிய மறக்கடிக்கிற மாத்திர. இது உள்ள இருக்கையில குடிச்சா ஒத்துக்காதாம். பொடிச்சுப் போட்டேன். இவுக அப்பவும் தள்ளாடிக்கிட்டே வந்தாக. மருந்து பத்தலைன்னு ரெண்டாக்குனேன். பெறகு மூணாக்குனேன்.”

அவர் நடிக்க நடிக்க, இவள் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள்.

“காப்பி கசக்குதுன்னு சொன்னப்பல்லாம் ஒமக்கு வாய்க்கசப்புன்னு சொன்னியேடி பாவி!” என்றார் கருத்தக்கண்ணன்.

“குடிச்சிருந்தாக் கசப்புத் தெரியுமான்னு நானும் யோசிச்சேன்” என்றாள் அவள்.

டாக்டர் இருவரையும் கையமர்த்தினார். “இது ஆளுக்குத் தெரியாமக் கொடுக்கவே கூடாதும்மா. தெரிஞ்சு கொடுத்தாலும் அடிக்கடி ரத்தம் பாக்கணும். சிலருக்கு ஈரலை அரிச்சிரும்.”

அட்டையைத் தன் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். உடனே அட்மிட் ஆக வேண்டும் என்றார். மாத்திரையை நிறுத்தியாயிற்று, பெரும்பாலும் ஈரல் தானே தேறிவிடும். ஆனால் இந்த ஒரு வாரம் போகாமல் உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

மொக்கம்மாள் முதல்முறையாகக் கண்ணைத் துடைத்தாள். கருத்தக்கண்ணன், அழாதே என்பதுபோல் அவள் முழங்கையைத் தட்டினார். தட்டியது கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது.

“இதை யாரு உங்களுக்குக் கொடுத்தா?” என்று கேட்டார் டாக்டர்.

“என் தங்கச்சிதான் தாயி. அவ வீட்டுல நல்லா வேல செஞ்சுச்சு. அவ வீட்டுக்காரரு ஒரு வருசமாக் கடைப்பக்கமே போறதில்ல. மனவுறுதியால விட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, பாவம்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் பக்கத்தில் இருப்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மொக்கம்மாளுக்கு ஒரே ஒரு தங்கைதான்.

டாக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“மேல பாருங்க ஐயா” என்றார், என் கீழிமையை இழுத்தபடி.