கிளி இருக்கா?

வீட்டில் கிளி வளர்ப்பது குற்றம் என்று வனக்காவலர் தனக்கொடியின் கிளியைப் பிடித்துப்போய் மாதங்கள் ஆகிவிட்டன. வெட்டிவிட்ட இறகு வளரும்வரை அவரே வைத்திருந்து காட்டில் விடுவாராம். இன்னொரு தடவை பிடிபட்டால் கேஸ்தான் என்று மிரட்டிவிட்டும் போனார். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலில் கோவைப்பழம் வைப்பாள், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உடனே எடுத்துவிடுவாள்.

இன்று மத்தியானம் ஜன்னல் பக்கம் அவர் குரல் கேட்டது.

"யாரும்மா வீட்ல? கிளி இருக்கா?"

காலிக் கூண்டைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "இல்லைங்க சார்," என்றபடி ஜன்னலைத் திறந்தாள். கம்பியில் அவளுடைய கிளி உட்கார்ந்திருந்தது, இறகெல்லாம் வளர்ந்து. தலையைச் சாய்த்து, "கிளி இருக்கா?" என்றது. அச்சு அசல் அவர் குரல். கேட்டுக்கொண்டே உள்ளே இறங்கி, கட்டிலுக்கடியில் நடந்துபோய், கூண்டுக்குள் ஏறிக்கொண்டது.

"போயிடு கண்ணு, போயிடு," என்று கெஞ்சிக்கொண்டே பழத்தை உள்ளே நீட்டினாள், கூண்டின் கதவைச் சாத்தினாள்.

"யாரும்மா வீட்ல? கிளி இருக்கா?"

சிரித்தபடி குனிந்து பார்த்தாள். கிளி அலகு நிறையக் கோவைப்பழத்தோடு சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.