கண்ணாடியில் எழுதிய நேரம்

"நானூறு மீட்டர்தானே? நம்ம பேக்கரிலேருந்து பால் டிப்போ அதைவிடத் தூரம். இதுக்குப் போயா ஒரு மாசமா காரைப் பிரிச்சுப் போட்டு உயிரை விட்டே?"

கணவன் கேட்டதற்கு அவள் சிரிக்கவில்லை. வெள்ளைப் பெயிண்டால் காரின் முன் கண்ணாடியில் 13.0 என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"பதிமூணு செகண்ட். அதுக்குக் குறைஞ்சா நான் அவுட்."

"வேகமாப் போனா தோல்வியா? இது என்ன ரேஸ்?"

"இந்தப் பிரிவுல அப்படித்தாங்க. நம்ம கார் எவ்வளவு நேரத்துல போகும்னு நாமளே எழுதிடணும். மெதுவான காரை அந்த வித்தியாசத்துக்கு முன்னாடியே கிளப்பி விட்டுடுவாங்க. அதனால எந்தக் காரோட எது வேணா மோதலாம். ஆனா எழுதினதைவிட வேகமாப் போயிடக் கூடாது. கோடு நெருங்கும்போது பிரேக்கை லேசாத் தொட்டு அளவா விடணும். சாமர்த்தியமே அதுலதான்."

பக்கத்துத் தடத்தில் நின்ற சிவப்புக் காரில் 11.0 என்று எழுதியிருந்தது. அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவளுடைய அப்பா. பேக்கரிக்காரனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கே, "ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவனோட போறியா, போ" என்றவர். அதற்கப்புறம் மகளிடம் ஒரு வார்த்தை கிடையாது. ஒரே மைதானத்தில் இருவரும் ரேஸ் ஓட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். இன்றைக்கு இறுதிப் போட்டியில் இருவரும் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

இரண்டு கார்களுக்கும் நடுவே நடையாய் நடந்து அலுத்துப்போன அம்மா, இவள் ஜன்னலில் குனிந்தாள்.

"உங்கப்பா ஒண்ணும் கேக்கச் சொல்லலை. நானாத்தான் கேக்குறேன். தரையில நல்லாப் பிடிக்கிறதுக்குப் பின் டயர்ல காத்தைக் குறைச்சுட்டியா?"

"குறைச்சாச்சு. நானும் ஒண்ணும் கேக்கலை. அவர் மாத்திரை போட்டாரான்னு நீயாச் சொல்லும்மா."

"போட்டாரு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இதோட நிறுத்திக்கணும்னு டாக்டர் கறாராச் சொல்லிட்டாருடி. இதுதான் கடைசி ஓட்டம். நீ கொஞ்சம்..."

"விட்டுக்கொடுத்தா கண்டுபிடிச்சிடுவாரும்மா. எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே அவர்தானே? அப்புறம் ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு."

அம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டே போனாள். மாப்பிள்ளை, மாமனார் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். அவர் கையிலிருந்த துணியை உதறிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

புறப்பாட்டுக் கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எரிந்து, இவளுடைய தடத்தில் முதலில் பச்சை விழுந்தது. அவளுடைய வெள்ளைக் கார் சீறிக்கொண்டு போனது. இரண்டு செகண்ட் கழித்து சிவப்புக் கார் துரத்தியது. பேக்கரிக்காரன் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு மனைவியின் காரையே பார்த்தான். பிரேக் விளக்கு எரியும், எரியும் என்று காத்திருந்தான். எரியவே இல்லை. இரண்டு கார்களும் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைத் தாண்டின.

பக்கச் சாலை வழியாக அவள் திரும்பி வந்து நிறுத்தியதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

"நீ பிரேக்கைத் தொடவே இல்லையே. பெத்த அப்பாவை ஜெயிக்கிறதுக்கு அவ்வளவு வெறியா உனக்கு?"

"உங்களுக்கே அப்படித் தோணிடுச்சா?" அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்கள் கலங்கியிருந்தன. "அப்போ அவருக்கும் அப்படித்தான் தோணும். மெதுவாப் போய்த் தோத்தா வேணும்னே செஞ்சேன்னு தெரிஞ்சிடும். ஜெயிக்கிற ஆசையில மிதிச்சு அவுட்டானேன்னா, அவசரக்குடுக்கைன்னு நாலு திட்டு திட்டிட்டுக் கோப்பையை வாங்கிப்பாரு. திட்டினாலும் பேச்சுதானே?"

அவன் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டான். அவள் தலையில் கை வைத்தான். அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது.

"இறுதிப் போட்டியின் முடிவு. இரண்டு கார்களுமே எழுதிய நேரத்தைவிட வேகமாக வந்துவிட்டன. இருவரும் மீறினால், குறைவாக மீறியவருக்கே வெற்றி என்பது விதி. வெள்ளைக் கார் மீறியது பத்தில் இரண்டு செகண்ட். சிவப்புக் கார், பத்தில் ஐந்து. கோப்பை வெள்ளைக் காருக்கு!"

"அஞ்சா?" அவள் சிவப்புக் காரின் பக்கம் திரும்பினாள். "அப்பாவா? கால் விரல்ல தராசு வெச்ச மாதிரி ஓட்டுறவராச்சே."

சிவப்புக் காரிலிருந்து இறங்கிய அப்பா நேராக இவர்களை நோக்கி நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. சாய்ந்துகொள்ள வேறு எதுவும் இல்லாததுபோல் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்டி, ஒரு மனுஷனை நிம்மதியாத் தோக்கக்கூட விட மாட்டியா நீ?" என்றார்.