ரெண்டு தாவொலா கால்தா

"பிள்ளைக்குப் பசிக்கும் அக்கா, ரெண்டு தாவொலா கால்தா சுத்தித் தாங்கோ. நான் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வாறன்."

பவளராணி கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து உள்ளே இறைச்சி அடைத்த பணிஸ் இரண்டைச் சூடாக எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள். குகனேஸ்வரி சிரித்தபடி வெளியேறினாள்.

துறைமுக நகரத்தின் கால்சாப் பகுதியில், பழைய பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் இருக்கிற சாப்பாட்டுக் கவுண்டர் அது. மத்தியானத்தில் வேலைக்காரர்கள் தோளோடு தோள் இடித்து நின்று தின்பார்கள். அதை விட்டுவிட்டு மகளைக் கூட்டிவர ஓட முடியாது.

குகனேஸ்வரியும் இப்படிச் சாப்பிட வந்தவள்தான். பக்கத்து ஊரான பகேரியாவில் இருப்பதாகச் சொன்னாள். ஒரு மாதத்தில் கூடப்பிறந்தவள் போல ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்திலும் அவள் பெயரைச் சொல்லி வைத்தாயிற்று.

பவளராணி லேசில் யாரையும் நம்புகிறவள் அல்ல. கையை முறித்த புருஷனிடமிருந்து தப்பி, மகள் டிலக்ஷியைத் தூக்கிக்கொண்டு தீவின் மறுகரையிலுள்ள கத்தானியாவிலிருந்து ஓடிவந்தவள். பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன், நீ கண்ணாலும் காணமாட்டாய் என்று சுதாகரன் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற சாதி அவன். அதனால் இங்கே தமிழர் எவர் கேட்டாலும் வடக்கே பொலோஞ்ஞாவிலிருந்து வந்ததாகவே சொன்னாள்.

கல்லாவில் இருந்த முதலாளியம்மா சிஞ்ஞோராவுக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்தது இரண்டே சொல்.

"உன் சிநேகிதி கத்தானியாக்காரியா?"

"இல்லை சிஞ்ஞோரா, பகேரியா."

"பகேரியாக்காரி இப்படிக் கேட்பாளா? கடைக்குத்தான் நாங்கள் தாவொலா கால்தா என்று பெயர் போடுவோம். தின்பது ரொஸ்திச்சேரியா. தின்பதையும் தாவொலா கால்தா என்பது கத்தானியாப் பேச்சு."

பவளராணிக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

கத்தானியாவில் இருந்த காலமெல்லாம் அவளும் அப்படித்தான் சொன்னாள். இங்கே வந்து நாக்கைத் திருத்திக்கொண்டாள். பாழாய்ப்போன காது திருந்தவில்லை.

ஏப்ரனோடு தலைதெறிக்க ஓடினாள்.

பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்து வாசலைப் பார்த்துக்கொள்ளும் கிழவி கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பவளராணியைக் கண்டதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா வந்திருக்கிறார் என்று நீ சொல்லவே இல்லையே. காரில் அவரைக் கண்டதும் டிலக்ஷி அந்தப் பெண்ணின் கையை உதறிவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை."