இருபத்திரண்டு கல்

"அவளைக் கீழ விட்டுடுங்க அத்தான். நீங்க மட்டுமாவது பிழைச்சுக்கலாம்."

"வாயை மூடுடா!" என்று கத்தினார் அவர். "நாலு வருஷமா என்கூடவே வர்றவ. தண்ணியில விட்டுட்டுப் போன்னா எப்படிடா போவேன்?"

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டியதுதான். கிணத்துல தண்ணி இடுப்புக்கு வந்தாச்சு. இருக்கிறது ஒரே கயிறு."

அந்த 'அவள்' மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டிருந்தாள். விளையாட்டில் அவள் பாம்பு கடித்து மயங்கிக் கிடக்கும் மருத்துவச்சி. வீட்டில் அவருடைய மனைவி. மயங்கியவர் பேசவும் கூடாது, பகடையைத் தொடவும் கூடாது என்பது அந்த மேஜையின் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் இந்த வீட்டில் விளையாட்டுதான். மைத்துனன் கதை சொல்லுவான். அவர், மனைவி, மேல்மாடி லாரி ஓட்டுநர் மூவரும் ஆளுக்கொரு வேடம் எடுத்து அதற்குள் புகுந்துவிடுவார்கள். பிழைப்பதா சாவதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

வேறெங்கும் இல்லாத ஒரு விதி இங்கே உண்டு. கதையில் தன் ஆள் எவ்வளவு சுமக்கிறானோ, அதற்குரிய கூழாங்கற்களை ஒரு துணிப்பையில் போட்டு, ஆடுபவர் ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடிதான் பகடை உருட்ட வேண்டும். பை மேஜையைத் தொட்டால் ஆள் விழுந்தான். "தாள்ல நூறு கிலோன்னு எழுதி வச்சுட்டு மான் மாதிரி துள்ளுவீங்களா?" என்று கேட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவர் சாட்சாத் அவரேதான். அப்போது அவர் ஏணி மேல் நின்றபடி ஆளுயர எழுத்துகளை ஒரே இழுப்பில் எழுதும் விளம்பரப் பலகை ஓவியர்.

நான்கு மாதங்களுக்கு முன் அந்த ஏணி சறுக்கியது. முறிந்த எலும்பு கூடிவிட்டது, இனி அவர்தான் முயற்சி செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். வலது கை மட்டும் மடியில் வைத்த தலையணையை விட்டு அசையவில்லை. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். விளையாட்டிலும் அவர் இடக்கையில் பையைப் பிடித்துக்கொள்வார், பகடையை மனைவி உருட்டுவாள். இன்று அவளோ மயங்கிக் கிடந்தாள்.

மைத்துனனிடம் இரக்கம் மருந்துக்கும் இல்லை. "வாள், கேடயம், சோத்து மூட்டை எல்லாத்தையும் வீசியாச்சு. இப்ப உங்க முதுகுல இருக்கிறது மருத்துவச்சி மட்டும்தான். அவளுக்கு இருபத்திரண்டு கல்." ஒவ்வொரு கல்லாக எண்ணிப் பையில் போட்டான். "உங்க பலத்துக்கு அளவு பதினஞ்சுதான். சுமை கூடிப்போச்சு. கயிறு ஏறணும்னா பதினாலுக்கு மேல விழணும்."

"தங்கச்சி அவ்வளவு கனமாப்பா?" என்றார் ஓட்டுநர். மயங்கியவள் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் கப்சிப்.

பகடையை மேஜையின் வலப்பக்க ஓரத்தில், அந்தத் தலையணைக்கு அருகில் வைத்தான் மைத்துனன்.

"சரி விடு, நான் உருட்டறேன்," என்று கை நீட்டினார் ஓட்டுநர்.

"நீங்க மேல ஏறிட்டீங்க அண்ணே. கூட நிக்கிறவங்கதான் உதவலாம்."

"பையைத் தோள்ல மாட்டிக்கவா?" அவர் குரல் இறங்கியது.

"கையிலதான். உங்க விதி அத்தான்."

அவர் முகம் ரத்தமாகச் சிவந்தது. "வேணும்னே பண்றடா. என்னை அவமானப்படுத்தறதுக்குன்னே அந்தப் பாம்பைக் கொண்டு வந்தே."

"தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு. பத்து எண்ணுவேன். பத்து... ஒன்பது..."

பையைத் தூக்கினார். துணியின் பிடி விரல்களை அறுத்தது. ஒரு ஜாண் உயரத்தில் நின்ற பை, எண்ணிக்கையோடு சேர்ந்து அங்குலம் அங்குலமாக இறங்கியது.

"அவளை விட்டுடுங்க. ஏழு கல்லு கூடுதல். தாங்க மாட்டீங்க. ஆறு... அஞ்சு..."

"விட மாட்டேன்டா!" நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. எதிரே மனைவி இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "பயப்படாதே, கெட்டியா பிடிச்சுக்கோ," என்றார் அவளிடம், மயங்கியவளுக்குக் கேட்காது என்பதை மறந்து.

"மூணு..." பைக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. "ரெண்டு..."

பகடை உருண்டது. தண்ணீர் தம்ளரில் முட்டி, தள்ளாடி, ஓட்டுநர் முன்னால் போய் நின்றது.

ஓட்டுநர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மூணு," என்றார் செத்த குரலில்.

"போச்சு! நாலு வருஷம் போச்சு! திருப்திதானேடா உனக்கு?" மனைவி பக்கம் திரும்பினார். "காப்பாத்த முடியலையே... என்னால காப்பாத்த முடியலையே!"

பகடையின் பக்கம் மைத்துனன் திரும்பவே இல்லை. கற்கள் நிறைந்த பை இன்னும் அவருடைய இடக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தலையணை தரையில் கிடந்தது.

மயங்கிக் கிடந்தவள் சட்டத்தை மீறி வாய் திறந்தாள்.

"பகடையை எந்தக் கையால உருட்டினீங்க?"