விதி யாரை விட்டது?

"போன் பண்ணிட்டுத்தான் வரணும் சார்."

"மூணு நாளா பண்றேன்மா. யாரும் எடுக்கல. அதான் நேர்லயே வந்துட்டேன்."

"நேர்ல வந்தா அப்பாயின்ட்மென்ட் கிடையாது. போர்டைப் பாருங்க."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ரிசப்ஷன் பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் 'முடியாது' என்பதை ஏழெட்டு விதமாகச் சொல்வதில் தேறியிருந்தாள்.

பெரியவர் போர்டுப் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தில் மாஸ்க், கழுத்தில் மஃப்ளர், அந்த வெயிலிலும்.

மூன்று நாளுக்கு முன் சவரம் செய்யும்போது கழுத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததுதான் அவரைப் பயமுறுத்தியது. மனைவியிடம்கூடச் சொல்லாமல், வாக்கிங் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்திருந்தார்.

"இப்ப எட்டு பத்துதான் ஆகுது. எட்டரை வரைக்கும் போன் நேரம். அந்த நாற்காலியில உட்கார்ந்து போன் பண்ணுங்க சார்."

"எந்த நம்பருக்கு?"

"இந்த நம்பருக்குத்தான்." தன் மேஜைமேல் இருந்த போனைக் காட்டினாள்.

பெரியவர் போய் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவரைச் சுவரோடு சேர்த்து வைத்தது. காதில் வைத்த செல்போன் கனிவோடு பேசியது: "நீங்கள் வரிசையில் ஒன்பதாவது நபர். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

பக்கத்து நாற்காலியில் கட்டைவிரலைத் தடவிக்கொண்டு ஒரு தையல்கார அம்மா இருந்தாள். "முதல் தடவையா வரீங்களா?" என்றாள்.

"முப்பது வருஷம் வந்துபோன இடம்தான். இந்த ஒரு வருஷமாத்தான் வரல. இந்த நாற்காலியில உட்கார்றது இதுதான் முதல் தடவை."

"வந்த உடனே உள்ள விட்டுருவாங்களா?"

"ஆமா, நேரா உள்ளதான்."

"கொடுத்து வெச்சவரு. எனக்கு விரல்ல ஊசி ஏறி ரெண்டு வாரம் ஆச்சு. புண்ணு ஆறின பிறகு தேதி குடுத்திருக்காங்க. கிடைச்ச அப்பாயின்ட்மென்டை வீணாக்குவானேன்னு வந்தேன்."

பேசிக்கொண்டே அவள் போர்டை வாசிக்க ஆரம்பித்தாள். மொத்தம் ஆறு விதிகள். கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து, அதற்கும் கீழே பெயர்.

"மூணாவதைப் பாருங்க. ஒரு தடவை வந்தா ஒரு தொந்தரவைத்தான் சொல்லணுமாம். தலைவலியோட வயித்துவலியும் வந்தா ஒன்னை வீட்ல விட்டுட்டு வரணுமா?"

பெரியவர் செல்போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டார். "நீங்கள் வரிசையில் நான்காவது நபர்."

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும், இதை எழுதின மகராசனுக்கு!"

பெரியவருக்கு இருமல் வந்தது.

எட்டு இருபத்தெட்டுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிசப்ஷன் பெண் போனை எடுத்தாள்.

"வணக்கம், கிளினிக்."

"நான்தாம்மா."

"நான்தான்னா யாரு?"

"உங்க எதிர்லயே உட்கார்ந்திருக்கேனே."

"போன்ல அதெல்லாம் தெரியாது சார். என்ன தொந்தரவு?"

"கழுத்துல ஒரு கட்டி."

"அவசரமா? அவசரம்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவசரம் இல்லன்னா பதினேழு நாள் கழிச்சு வாங்க."

"ரெண்டுக்கும் நடுவுல?"

"நடுவுல ஒன்னும் இல்ல சார்."

பெரியவரின் குரல் இறங்கியது. இதுவரை யாரிடமும் சொல்லாததை அந்த போனிடம் சொன்னார். "பயமா இருக்கும்மா. பதினேழு நாள் என்னால தூங்காம இருக்க முடியாது. ரெண்டே நிமிஷம். உள்ள இருக்கிற டாக்டருக்கு என்னை நல்லாத் தெரியும்."

அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே.

"ஆறாவது விதி சார். தெரிஞ்சவங்க, வேண்டியவங்கன்னு யாருக்கும் சலுகை கிடையாது. நான் என்ன பண்ணட்டும்? உங்க பேரைச் சொல்லுங்க, யாராவது வரலைன்னா கூப்பிடறேன்."

மணி எட்டு இருபத்தொன்பது. பெரியவர் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். தையல்கார அம்மா இருந்த பக்கம் பாராமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிஷியலோடு தன் பெயரைச் சொன்னார்.

கீபோர்டில் ஓடிய விரல்கள் பாதியில் நின்றன. அவள் முதன்முறையாக நிமிர்ந்தாள். போர்டின் அடிப்பகுதியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் போர்டைப் பார்த்தாள். பிறகு ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க மறந்து அப்படியே எழுந்து நின்றாள்.

"நீங்க போட்ட ஆறு விதியில இன்னிக்கு எதை மீறட்டும், டாக்டர்?"